பிரிட்ஜுக்குள் போன சிவப்பு ஒயின்

பக்கத்து வீட்டு சூ கையில் ஒரு பாட்டில் சிவப்பு ஒயினோடு வருகிறாள். வீட்டுக்காரி பெவர்லி அதை வாங்கிப் பார்க்கிறாள். ‘போஜொலே’ என்று பெயரைப் படித்துப் பூரித்துப்போகிறாள். நேராகக் கொண்டுபோய் பிரிட்ஜில் வைத்துவிடுகிறாள்.

காட்சி அவ்வளவுதான். சில விநாடிகள். ஆனால் பிரிட்டனில் ஒரு தலைமுறையே இதை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறது. முதல் முறை பார்த்தபோது இதுல என்ன காமெடி என்று எனக்கு விளங்கவில்லை. நண்பன் ஒருவன் பென் டிரைவில் கொடுத்த, நாலைந்து தரம் நகலெடுத்து வெளிறிப்போன கோப்பு அது. அவனிடமே கேட்டேன். “வெள்ளை ஒயினைத்தான்டா குளிர வைப்பாங்க. சிவப்பை அப்படியே வைக்கணும். அவளுக்கு அது தெரியல, அதான் ஜோக்” என்றான். சரி, தெரிந்தவர்கள் தெரியாதவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

பல மாதம் கழித்து வேறெங்கோ படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சிவப்பு ஒயின்களில் லேசாகக் குளிரவைத்துக் குடிக்கத் தோதான சிலவற்றில் போஜொலேவும் ஒன்றாம். அப்படியென்றால் பெவர்லி செய்தது ஒன்றும் மகா தப்பில்லை. அப்புறம் யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்?

‘அபிகெய்ல்ஸ் பார்ட்டி’யைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். இது 1977இல் பிபிசிக்காகப் பதிவு செய்யப்பட்ட படம். படம் என்று சொல்வதேகூட சர்ச்சைக்குரியது. மேடை நாடகம் ஒன்றை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்து சில நாட்களில் பிடித்த வீடியோப் பதிவு அது. ஒரே ஹால், ஐந்தே பேர். எழுத்தில் தொடங்காமல் நடிகர்களின் இம்ப்ரொவைசேஷனிலிருந்து முளைத்த வசனம். நூறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். அதன் இயக்குநரே தன் படங்களில் இதைப் பார்த்தால்தான் அதிகம் கூச்சப்படுகிறார். ஆனால் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் தலைசிறந்த நூறு நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டபோது, இதற்குக் கிடைத்தது பதினொன்றாம் இடம்.

கதை தெரியாதவர்களுக்காக வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனை ஒட்டிய எஸெக்ஸ் பக்கத்துப் புறநகர். பெவர்லி முன்பு கடைகளில் ஒப்பனைப் பொருட்களைப் பூசிக் காட்டி விற்கும் வேலை பார்த்தவள். கணவன் லாரன்ஸ் எஸ்டேட் ஏஜென்ட். அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் ஏஞ்சலா, டோனி தம்பதியை ஒரு மாலை குடிக்க அழைத்திருக்கிறார்கள். ஏஞ்சலா நர்ஸ். டோனி கம்ப்யூட்டர் ஆபரேட்டர், வாயைத் திறந்தால் ஒற்றை வார்த்தை. கூடவே விவாகரத்தான சூ. அவளுடைய பதினைந்து வயது மகள் அபிகெய்ல் தன் வீட்டில் பார்ட்டி வைத்திருக்கிறாள். அம்மா இருந்தால் கூட்டாளிகளுக்கு இடைஞ்சல் என்று சூ இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். தலைப்பில் இருக்கும் அபிகெய்லை நாம் கடைசிவரை பார்ப்பதே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும். இந்தப் பக்கம் பெவர்லி ஜின் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள், வேண்டாம் என்றாலும் ஊற்றுகிறாள். இரவு முடியும்போது லாரன்ஸ் மாரடைப்பில் கீழே கிடக்கிறான்.

ஆமாம், இது காமெடிதான்.

மைக் லீ 1943இல் பிறந்து, மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபர்டில் வளர்ந்தவர். டாக்டர் வீட்டுப் பிள்ளை. முதல் படம் ‘ப்ளீக் மொமென்ட்ஸ்’ 1971இல் வந்தது. நடிகர் ஆல்பர்ட் ஃபின்னியின் நிறுவனம் பணம் போட, மொத்தம் 18,500 பவுண்டில் எடுத்தார்கள். அந்தக் காலத்திலேயே அது சில்லறைக் காசு. அடுத்த ஆண்டு லொகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை விருது வாங்கியது. அதற்குப் பிறகு நடந்தது என்ன? அவருடைய அடுத்த திரையரங்குப் படம் ‘ஹை ஹோப்ஸ்’ 1988இல். நடுவில் பதினேழு வருஷம். ஸ்கிரிப்ட் இல்லாமல் வந்து பணம் கேட்பவனுக்கு எந்தத் தயாரிப்பாளர் கொடுப்பார்? கதை என்ன என்று கேட்டால், இன்னும் தெரியாது, நடிகர்களோடு உட்கார்ந்தால்தான் தெரியும் என்பது பதில். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளக்கூடிய இடமாக அப்போது இருந்தது தொலைக்காட்சிதான், குறிப்பாக பிபிசியின் ‘ப்ளே ஃபார் டுடே’. 1970 முதல் 1984 வரை சுமார் 300 தனி நாடகங்களை ஒளிபரப்பிய தொடர் அது.

இம்ப்ரொவைசேஷன் என்றதும் நமக்கு மனோதர்மம் என்ற சொல் நினைவுக்கு வரும். பாடகர் மேடையில், நம் கண்முன், அந்தக் கணத்தில் ராகத்தை விரிப்பது. லீயின் முறை கிட்டத்தட்ட இதற்கு நேரெதிர். அவருடைய மனோதர்மம் எல்லாம் திரைக்குப் பின்னால் முடிந்துவிடும். ஒவ்வொரு நடிகரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரிந்த நிஜ மனிதர்களைப் பற்றிப் பேச வைப்பார். அதில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பாத்திரத்தை வளர்ப்பார்கள். பிறந்தது, படித்தது, முதல் வேலை, என்ன சோப்பு போடுவாள் என்பதுவரை. மற்றவர் பாத்திரம் என்ன என்பது இவருக்குத் தெரியாது. பிறகு இரண்டு பாத்திரங்களைச் சந்திக்க விடுவார். மணிக்கணக்காக அது ஓடும், பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அதிலிருந்து எடுத்து, வெட்டி, திரும்பச் செய்யவைத்து இறுக்குவார். கடைசியில் மேடைக்கு வரும்போது ஒவ்வொரு சொல்லும், ஒவ்வொரு இருமலும் முடிவாகியிருக்கும். மேடையில் யாரும் எதையும் தோன்றியபடி பேசுவதில்லை. ‘எழுதியவர்’ என்று தன் பெயரைப் போடாமல் ‘உருவாக்கியவர்’ என்கிற மாதிரி ஒரு சொல்லை லீ போட்டுக்கொண்டது இதனால்தான்.

பெவர்லியை அலிசன் ஸ்டெட்மன் உருவாக்கினார். அவர் அப்போது லீயின் மனைவி. ஒரு வருஷம் முன்புதான் லீயின் ‘நட்ஸ் இன் மே’யில், டார்செட் கிராமப்புறத்தில் கூடாரம் போடும் சைவச் சாப்பாட்டு கேண்டிஸ்மேரியாக நடித்திருந்தார். அந்தக் கீச்சுக்குரல் கேண்டிஸ்மேரியும் பெவர்லியும் ஒரே ஆள் என்று நம்புவது கஷ்டம். பெரிய கடை ஒன்றில் ஒப்பனைப் பொருள் விற்கும் பெண்ணை நின்று கவனித்தது பற்றி ஸ்டெட்மன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தில் அது எங்கே போயிருக்கிறது என்று பார்க்கலாம். ஏஞ்சலாவை உட்கார வைத்து லிப்ஸ்டிக் போடுவது எப்படி என்று பெவர்லி பாடம் எடுக்கும் காட்சி. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, என் உதடு அழகு என்று உனக்கு நீயே சொல்லிக்கொள் என்கிறாள். விற்பனைப் பெண்ணின் பேச்சு அப்படியே. முதலில் பாராட்டு, உடனே ஒரு குறை, அந்தக் குறைக்கு ஒரு பொருள். பெவர்லிக்கு இதைத் தவிர வேறு மாதிரி மனிதர்களிடம் பேசத் தெரியாது. ஐந்து பேர் இருக்கும் ஹாலையும் அவள் ஒரு கவுன்டராகத்தான் நடத்துகிறாள்.

டோனியாக வந்த ஜான் சால்ட்ஹவுஸ் இளம் வயதில் கிரிஸ்டல் பேலஸ் கழகத்தோடு கால்பந்து ஆடியவர். பாத்திரமும் அங்கே ஆடி, மேலே வரமுடியாமல் விட்டவன்தான். அவன் அதைச் சொல்லும் இடத்தில் யாரும் சரியாகக் காதில் வாங்குவதில்லை.

சுமார் பத்து வார ஒத்திகைக்குப் பிறகு 1977 ஏப்ரலில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் தியேட்டரில் நாடகம் அரங்கேறியது. தற்காலிகமாகப் போட்ட கொட்டகை மாதிரியான கட்டடம், இருநூறு பேர்கூட உட்கார முடியாது. செம ஹிட். கோடையில் மறுபடியும் போட்டார்கள். வெஸ்ட் எண்டின் பெரிய அரங்கத்துக்குக் கொண்டுபோகலாம் என்று தயாரிப்பாளர்கள் வந்து நின்றார்கள். ஆனால் ஸ்டெட்மன் கர்ப்பமாக இருந்தார். மாதக்கணக்கில் தினமும் மேடையேற வாய்ப்பில்லை. வேறொரு நடிகையைப் போடலாமே என்றால், பெவர்லியை ஸ்டெட்மன் எங்கிருந்தோ வாங்கி நடிக்கவில்லை, தானே செய்து எடுத்தவர். அதோடு நாடகம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தச் சமயத்தில் ‘ப்ளே ஃபார் டுடே’யின் தயாரிப்பாளர் மார்கரெட் மாதிசனுக்கு, திட்டமிட்டிருந்த வேறொரு நாடகம் கைவிட்டுப்போய் ஸ்டுடியோ காலியாக இருந்தது. இதை உள்ளே இறக்கிவிடலாம் என்று முடிவானது. ஒரு குழந்தை வரப்போகிறது, ஒரு ஸ்டுடியோ சும்மா கிடக்கிறது. இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும், இன்று ‘அபிகெய்ல்ஸ் பார்ட்டி’ என்பது அதை ஹாம்ப்ஸ்டெட்டில் பார்த்த சில ஆயிரம் பேரின் ஞாபகமாக மட்டுமே இருந்திருக்கும்.

லீக்கு ஏன் கூச்சம் என்பது இங்கேதான் புரியும். ‘நட்ஸ் இன் மே’யை அவர் வெளிப்புறத்தில், பிலிமில் எடுத்தார். ஒற்றைக் கேமரா, ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனி வெளிச்சம். இதுவோ ஸ்டுடியோ வீடியோ. பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். எந்தக் கோணத்துக்கும் தோதாக மேலிருந்து மொத்தமாக விளக்கைப் போட்டுவிடுவார்கள். முகத்தில் நிழலும் இல்லை, ஆழமும் இல்லை. எல்லாம் ஒரே பளபளப்பு. குரலைப் பிடிக்க நடிகர்கள் தலைக்கு மேல் பூம் மைக் அலையும். அதன் நிழல் சுவரில் விழும். நேரமில்லை, விழுந்தது விழுந்ததுதான். மேடைக்காக அளந்து வைத்த நடிப்பு, இப்போது முகத்துக்கு ஓரடி தூரத்தில் லென்ஸ். லீ பின்னாளில் இந்தப் பதிவைப் பற்றிப் பேசிய இடங்களிலெல்லாம் கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கும் தொனிதான்.

எனக்கென்னவோ அந்தக் கோரமான வெளிச்சம் பொருந்திப்போகிறது என்றே தோன்றுகிறது. விருந்தாளி வரும்போது ஹாலில் இருக்கிற எல்லா விளக்கையும் போட்டுவிடுகிற வீடு அது. நிழல் என்று ஒன்று இருந்தால் அங்கே போய் யாராவது ஒளிந்துகொள்வார்கள். பெவர்லி விடமாட்டாள்.

இன்னொரு மாற்றமும் நடந்தது, இது லீயைக் கேட்டு விரும்பி நடந்ததல்ல. மேடையில் பெவர்லிக்குப் பிடித்த பாடகர் ஹோசே ஃபெலிசியானோ. எல்விஸ் பிரெஸ்லியும் வருவார். நாளைக்கு அமெரிக்காவுக்கு விற்பதென்றால் இந்தப் பாட்டுகளின் உரிமையில் சிக்கல் வருமே என்று பிபிசி யோசித்தது. எல்விஸ் போய் டாம் ஜோன்ஸ் வந்தார். ஃபெலிசியானோ போய் டெமிஸ் ரூசோஸ் வந்தார்.

ரூசோஸ் பற்றி ஒரு வார்த்தை. எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் பிறந்த கிரேக்கர். பெரிய உடம்பு, தாடி, தரை வரை தொங்கும் கஃப்தான். அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத, நடுங்கும் மெல்லிய உச்சஸ்தாயிக் குரல். 1976இல் அவருடைய ‘தி ரூசோஸ் ஃபெனாமினன்’ இசைத்தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. அதாவது, ஒளிபரப்பைப் பார்த்த எல்லோர் காதிலும் அந்தக் குரல் ஏற்கெனவே இருந்தது. பலர் வீட்டு அலமாரியில் அந்தத் தட்டே இருந்திருக்கும். ஃபெலிசியானோவை விரும்புகிற பெவர்லிக்குக் கொஞ்சம் ரசனை இருக்கிறது என்று சொல்லலாம். ரூசோஸை விரும்புகிற பெவர்லியை அந்தக் காலத்து அறிவாளி யாரும் மன்னிக்கமாட்டார். ஒரு உரிமைக் கவலை, பாத்திரத்தின் வர்க்கத்தையே ஒரு படி கீழே இறக்கிவிட்டது. இன்று பிரிட்டனில் யாரிடமாவது ரூசோஸ் என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த சொல் பெவர்லி என்றுதான் வரும்.

1977 நவம்பர் 1 அன்று பிபிசி ஒன்றில் ஒளிபரப்பானது. பாராட்டு நிறைய. ஒரு கடுமையான அடியும் விழுந்தது. ‘சண்டே டைம்ஸ்’ இதழில் அப்போது தொலைக்காட்சி விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர் டென்னிஸ் பாட்டர். அவரே பெரிய தொலைக்காட்சி நாடகாசிரியர், சுரங்கத் தொழிலாளியின் மகன். கொஞ்சம் காசு பார்த்து மேலே வரத் துடிக்கிற கீழ்நடுத்தர வர்க்கத்தை, மேலே இருப்பவர்கள் சேர்ந்து உட்கார்ந்து எள்ளுவதற்கான நாடகம் இது என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். லீ இதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. நான் அவர்களைப் பற்றி எடுக்கவில்லை, நம்மைப் பற்றி எடுத்தேன் என்பதுதான் அவர் பக்கம்.

பாட்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஹாம்ப்ஸ்டெட் என்பது லண்டனின் படித்த, வசதியான பகுதி. அங்கே உட்கார்ந்து எஸெக்ஸ்காரியின் பிரிட்ஜைப் பார்த்துச் சிரித்தவர்களின் சிரிப்பில் சுத்தமான சிரிப்பு எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? லாரன்ஸ் தோல் அட்டை போட்ட ஷேக்ஸ்பியர் தொகுதியை எடுத்து சூவிடம் பெருமையாகக் காட்டுகிறான். இதெல்லாம் நம் பாரம்பரியம், ஆனால் உட்கார்ந்து படிக்கமுடியாது பாருங்கள் என்று திரும்ப வைத்துவிடுகிறான். ஷேக்ஸ்பியரைப் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் எத்தனை பேர் அந்த இடத்தில் ரொம்பச் சத்தமாகச் சிரித்திருப்பார்கள்!

ஆனால் பாட்டர் பார்த்தது ஒரே ஒரு ஒளிபரப்பு. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். ஒருமுறை காற்றில் போகும், அதோடு சரி. இங்கேதான் இந்தப் படத்தின் கதை வீடியோவின் கதையாக மாறுகிறது.

நாம் இன்று எதையும் எப்போதும் பார்க்கலாம் என்ற நினைப்பில் இருக்கிறோம். 1970களின் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகள் இரண்டு அங்குல அகல நாடாவில் பதிவாகும். நாடா விலை அதிகம். அதனால் ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிவார்கள். மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தத்தில் கட்டுப்பாடுகள். கறுப்பு வெள்ளையை இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம் வேறு. ‘டாக்டர் ஹூ’ தொடரில் தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகள் இப்படிக் காணாமல் போயின. பீட்டர் குக்கும் டட்லி மூரும் செய்த ‘நாட் ஒன்லி பட் ஆல்சோ’ பிரிட்டிஷ் நகைச்சுவையின் உச்சங்களில் ஒன்று. இரண்டு பேரும் பாதி வசனத்தை மறந்து, ஒருவரையொருவர் சிரிக்கவைத்து, அந்த இடத்திலேயே எதையாவது பேசித் தப்பிப்பார்கள். நிஜமான மனோதர்மம். அதில் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள். எழுதி நடித்ததாவது காகிதத்தில் மிஞ்சும். அங்கேயே பிறந்தது போனால் போனதுதான். 1970களின் கடைசியில்தான் பிபிசி இந்த வழக்கத்தை நிறுத்திக் காப்பகத்தை ஒழுங்கு செய்தது. ‘அபிகெய்ல்ஸ் பார்ட்டி’ அந்த விளிம்பில், வண்ணத்தில், பெயர் வாங்கிய தொடர் ஒன்றின் பகுதியாக வந்ததால் பிழைத்துக்கொண்டது.

மறுஒளிபரப்பும் கிடைத்தது. லீ திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஐடிவி சேனல் வேலைநிறுத்தத்தில் இருந்த சமயம், பிபிசி இரண்டில் ஏதோ கனமான நிகழ்ச்சி, வெளியே நாடு முழுக்கப் புயல் மழை. வேறு வழியில்லாமல் 1 கோடி 60 லட்சம் பேர் பெவர்லியைப் பார்த்தார்களாம். 1979இல் ஐடிவி ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை முடங்கியது உண்மை. எண்ணையும் மழையையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. நல்ல கதைசொல்லி எவனும் மழையை விடமாட்டான். ஆனால் அந்த மறுஒளிபரப்புகளுக்குப் பிறகு பெவர்லி நாடறிந்தவள் ஆனாள் என்பதில் சந்தேகமில்லை.

1978இல் விஹெச்எஸ் பிரிட்டனுக்கு வந்தது. அங்கே டிவிப் பெட்டியையே மாத வாடகைக்கு எடுப்பது வழக்கம். வீடியோ டெக்கும் அப்படியே வாடகைக் கடைகள் வழியாக ஹாலுக்குள் நுழைந்தது. 1980களின் தொடக்கத்தில் பிபிசி தன் பழைய நிகழ்ச்சிகளைக் கேஸட்டாகப் போட ஆரம்பித்தது. ‘அபிகெய்ல்ஸ் பார்ட்டி’யும் கேஸட்டானது, பிறகு டிவிடி ஆனது. 2009இல் ‘மைக் லீ அட் த பிபிசி’ என்ற பெட்டித் தொகுப்பில் அவருடைய மற்ற தொலைக்காட்சிப் படங்களோடும் சேர்ந்து வந்தது.

கேஸட் எந்த அறைக்குப் போனது என்று யோசித்துப் பாருங்கள். சோபா செட், அலமாரி, ட்ரேயில் கிளாஸ்கள், பக்கத்திலேயே ரெக்கார்டு பிளேயர். எந்த அறையைக் கேலி செய்கிறது என்று பாட்டர் கோபப்பட்டாரோ, அதே அறைக்கு. ஹாம்ப்ஸ்டெட்டில் இருநூறு பேர் கூட்டமாகச் சிரித்தபோது, பக்கத்து சீட்காரர் சிரிப்பதே நமக்கு அனுமதிச் சீட்டு. தொலைக்காட்சிப் பதிவில் பார்வையாளர் சிரிப்பு கிடையாது. சிட்காம் மாதிரி தோற்றம், ஆனால் சிரிப்பொலி இல்லை. எங்கே சிரிப்பது என்று நீங்களே முடிவு செய்யவேண்டும். வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவளுக்கும் ரூசோஸ் பிடிக்கும் என்று தெரிந்திருக்கும்போது, சிரிப்பு வேறு மாதிரிதான் வரும்.

அதோடு, இரண்டாம் முறை பார்க்கலாம். அதுதான் பெரிய வித்தியாசம். முதல் முறை லாரன்ஸ் ஒரு சிடுமூஞ்சி. இரண்டாம் முறை, இவன் ஒன்றரை மணி நேரத்தில் சாகப்போகிறான் என்று தெரிந்து பார்க்கிறோம். வேலையிலிருந்து வந்த களைப்பு, விடாத போன், ஆலிவ் வாங்கி வைக்கவில்லையா என்ற சண்டை, அதைக் கொண்டுவா, இதை ஊற்று, அபிகெய்ல் வீட்டைப் போய்ப் பார்த்துவா. ஒவ்வொரு ஏவலும் இப்போது நம் நெஞ்சில் விழுகிறது. சூ ஏன் முகம் வெளுத்து பாத்ரூமுக்கு ஓடுகிறாள் என்பதும் அப்போதுதான் உறைக்கிறது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வெறும் வயிற்றோடு வந்தவள். கிடைத்தது வேர்க்கடலையும் ஜின்னும். அழைப்பின் அர்த்தமே வர்க்கத்துக்கு வர்க்கம் மாறுகிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மூன்றாம் முறை நான் ஏஞ்சலாவை மட்டும் பார்த்தேன். எல்லோரும் அவளை மக்கு என்று நினைக்கிறார்கள். அவள் கணவன் எல்லோர் முன்னாலும் வெடுக்கென்று வாயை அடைக்கிறான். லாரன்ஸ் விழுந்தவுடன் அந்த ஹாலில் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பட்டென்று எழுந்து, தரையில் மண்டியிட்டு, மற்றவர்களுக்கு உத்தரவு போடுகிறாள். அந்தச் சில நிமிடம் அவள் நர்ஸ். பிறகு அவளுக்கே காலில் குரக்களி இழுத்துக்கொள்கிறது. ஜனீன் டுவிட்ஸ்கி அதை நடித்திருக்கும் விதத்துக்குச் சிரிப்பதா, எழுந்து போய்த் தூக்கிவிடுவதா என்று தெரியவில்லை.

பாட்டர் கேஸட்டில் மூன்று முறை பார்த்திருந்தால் மனம் மாறியிருப்பாரா? மாறியிருக்கமாட்டார், அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. ஆனால் பார்வையாளர்கள் மாறினார்கள். கேலிக்குரியவளாகத் தொடங்கிய பெவர்லி மெல்ல மெல்ல எல்லோருக்கும் பிடித்தவள் ஆனாள். அவளுடைய வசனங்களை ரீவைண்ட் செய்து மனப்பாடம் செய்தார்கள். நீள கவுன் மாட்டிக்கொண்டு அவள் மாதிரியே பார்ட்டி வைத்தார்கள். அவளைப் போலி செய்கிறவர்களில் பாதிப் பேர் அவளைக் கொண்டாடுகிறார்கள்.

இதனால் நாடகத்துக்கு ஒரு கஷ்டமும் வந்தது. பல மேடைகளில் இன்றும் போடுகிறார்கள். 2002இல் ஹாம்ப்ஸ்டெட்டிலேயே எலிசபெத் பெரிங்டன் பெவர்லியாக நடித்தார், 2012இல் லண்டனில் ஜில் ஹாஃப்பென்னி. யார் நடித்தாலும் பார்வையாளர்கள் தலைக்குள் ஸ்டெட்மன் குரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இழுவையைப் பின்பற்றினால் மிமிக்ரி, விட்டால் இது பெவர்லியே இல்லை என்பார்கள். ஹாம்லெட்டுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. முதல் ஹாம்லெட் எப்படிப் பேசினான் என்று எந்த நாடாவிலும் இல்லை.

அதே நாடா வைத்துக்கொள்ளாததையும் சொல்லவேண்டும். ஏப்ரல் 1977 மேடையில் சூவாக நடித்தவர் தெல்மா வைட்லி. லீயோடு உட்கார்ந்து, அந்தப் பெண் யார், ஏன் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் ஜின்னை வாங்கிக்கொண்டே இருக்கிறாள் என்று கண்டுபிடித்தவர் அவர். ஸ்டுடியோப் பதிவில் சூவாக வருபவர் ஹாரியட் ரெனால்ட்ஸ். அற்புதமாகச் செய்திருக்கிறார், அவர் முகத்தை வைத்துத்தான் நாம் சூவை நினைக்கிறோம். வேறொரு நாடகமாக இருந்தால் இது சாதாரண ஆள்மாற்றம். ஆசிரியர் எழுதியதை இவர் நடித்தார், பிறகு அவர் நடித்தார், அவ்வளவுதான். இங்கே பாத்திரத்தின் ஆசிரியர்களில் ஒருவரே விடுபட்டுப்போகிறார். அட்டையில் மைக் லீயின் பெயர் இருக்கிறது. திரையில் ரெனால்ட்ஸ் இருக்கிறார். அந்த இரண்டுக்கும் நடுவில் பத்து வாரம் ஒரு அறையில் நடந்தது எதுவும் எந்த வடிவிலும் விற்பனைக்கு இல்லை.

ஒரு நாள் ராத்திரி ஒரு சின்ன விளையாட்டு விளையாடிப் பார்த்தேன். பெவர்லி டோனியை இழுத்துக்கொண்டு ஆடும் இடத்தில் டிவிடியின் சத்தத்தை அடைத்துவிட்டு, போனில் ஃபெலிசியானோவின் பாட்டு ஒன்றைப் போட்டேன். ஹாம்ப்ஸ்டெட்காரர்கள் கேட்டது இப்படி ஏதோதானே, லீ மனதில் வைத்திருந்ததும் இதுதானே என்று. நல்ல பாட்டு. கிதார் அருமை. ஆனால் திரையில் ஸ்டெட்மனின் இடுப்பு வேறொரு தாளத்துக்கு அசைந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ரூசோஸின் சத்தத்தைத் திறந்துவிட்டேன்.